இருமுறை பார்த்த காகசஸ்

கருங்கடலின் கிழக்குக் கரையில் பதூமி என்றொரு துறைமுக ஊர் இருக்கிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடம். கரையோரமாக வடக்கே போனால் கொபுலேட்டி வரும். அதைத் தாண்டினால் ரியோனி ஆறு கடலில் கலக்கும் போத்தி. உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் செனாக்கி, அப்புறம் குட்டாய்சி. அதற்கும் அப்பால் நிலம் மேடாகி, குன்றாகி, மலையாகி, கடைசியில் வடதிசை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது காகசஸ். கருங்கடலிலிருந்து காஸ்பியன் கடல்வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளும் தொடர் அது. இந்த நாட்டின் ஓடுபாதைகளும் ஆற்று வளைவுகளும் கணவாய்களும் எனக்கு மனப்பாடம். எந்த மேகம் எந்த முகட்டில் தங்கும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் ஜார்ஜிய மண்ணில் நான் கால் வைத்ததே இல்லை.

இத்தனையையும் எனக்குக் காட்டியது டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர்விமான சிமுலேட்டர். வலது கைக்கு ஜாய்ஸ்டிக், இடது கைக்கு த்ராட்டில், கால்களுக்கு ரடர் பெடல், காதில் ஹெட்செட். தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் திரையில் பார்வையும் திரும்பும்படி ஒரு சென்சார். பயணத்துக்கு வேண்டிய மூட்டை முடிச்சு அவ்வளவுதான்.

தரையிலிருந்தபடியே பறக்கப் பழகும் ஏற்பாடு பழையது. 1929இல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவர், ஆர்கன் இசைக்கருவிக்குப் பயன்படும் துருத்திகளை வைத்து, சாய்ந்து திரும்பும் ஒரு விமானப் பெட்டியைச் செய்தார். 1934இல் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு தபால் சுமந்து பறக்கத் தொடங்கி, மோசமான வானிலையில் விமானிகளை வரிசையாகப் பறிகொடுத்தபோதுதான் அந்தப் பெட்டியின் அருமை புரிந்தது. ஆறு பெட்டிகளை வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் லட்சக்கணக்கான விமானிகள் அதில் உட்கார்ந்துதான் கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கக் கற்றார்கள். என் மேசையில் இருப்பது அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளை. இதை உருவாக்கிய ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனம் 1995இல் சுகோய்-27ஐ வைத்து முதல் சிமுலேட்டரை வெளியிட்டது. டிசிஎஸ் வரிசையின் முதல் படைப்பு 2008இல் வந்தது. கா-50 ஹெலிகாப்டரை ஓட்டும் படைப்பு அது. 2018இல் காகசஸ் நிலப்பரப்பைப் புதிதாக வரைந்தார்கள். மலை, காடு, ரயில் பாதை, மின்கம்பம் எல்லாம் புதுப்பொலிவு பெற்றன. அந்த நிலப்பரப்பு இன்றும் இலவசம்.

தனியாகப் பறப்பதும் இன்பம்தான். ஆனால் இந்த நாட்டை உண்மையில் பார்க்க வேண்டுமென்றால் கூட்டத்தோடு போக வேண்டும். ஐரோப்பாவில் ஒரு சர்வரில் நாங்கள் கூடுவோம். அவர்களுக்கு இரவு 8 மணி என்றால் கோடைக்காலத்தில் நமக்கு 11:30. வீடு தூங்கிய பிறகுதான் என் பயணம் தொடங்கும். ஒருவர் போலந்துக்காரர், இன்னொருவர் ஸ்பெயினில் இருப்பவர். கட்டுப்பாட்டு அறையிலிருந்து வழிநடத்தும் பெண் பின்லாந்தில் இருந்து பேசுவார். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. குரலை வைத்தே அவரவர் களைப்பையும் உற்சாகத்தையும் அறிந்துகொள்வோம்.

நான் விரும்பி ஏறுவது சுகோய்-25டி. தரைப்படைக்குத் துணையாகத் தாழப் பறந்து பீரங்கி வண்டிகளை அடிக்கும் கவச விமானம். இந்த நாட்டில் அதை ஓட்டுவதில் எனக்கு ஒரு தனிப் பெருமிதம் உண்டு. சுகோய்-25 முதன்முதலாகப் பறந்தது 1975 பிப்ரவரியில். அது தொழிற்சாலை உற்பத்திக்கு வந்தபோது ஓர் இருக்கை கொண்ட விமானங்கள் தயாரானது ஜார்ஜியத் தலைநகர் திபிலீசியில். ஆக, அது பிறந்த வீட்டு வானத்தில்தான் அதைப் பறக்கவிடுகிறேன்.

நான் சொல்லப்போகும் இரவுப் பயணம் குட்டாய்சியில் தொடங்கியது. என் அறையில் நள்ளிரவு, அங்கே விடியற்காலை. கிழக்கே சூரியன் எழும்பாமலே மலை விளிம்பு மட்டும் செம்மை கொண்டிருந்தது. ஓடுபாதையோரப் புல், வரிசையாக நிற்கும் எரிபொருள் லாரிகள், தூரத்தில் சோவியத் காலத்து அடுக்குமாடிகள். பேட்டரி, எஞ்சின், விளக்கு, ரேடியோ என்று ஒவ்வொன்றாக உயிர்பெற்றது. இறக்கைகளுக்கு அடியில் எட்டு எட்டாக 16 விக்ர் ஏவுகணைகள். சுமையோடு கிளம்பும் சுகோய் லேசில் தரையை விடாது. ஓடுபாதையின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டு, வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரை வெகுவாகத் தாண்டிய பிறகுதான் மூக்கைத் தூக்கச் சம்மதிக்கும். சக்கரங்களின் அதிர்வு சட்டென்று நின்ற அந்தக் கணத்தில் எத்தனை முறை ஏறினாலும் நெஞ்சு விம்மும்.

எங்கள் வேலை மலைக்கு வடக்கே இருந்தது. அலகீர் ஊரிலிருந்து பெஸ்லான் நோக்கிப் போகும் சாலையில் எதிரித் தரப்பின் கவசவண்டி வரிசை நகர்ந்துகொண்டிருக்கும். அதை மறிக்க வேண்டும். நானும் போலந்து நண்பரும் இரண்டு சுகோய்களில். ஸ்பெயின் நண்பர் ஹார்னெட் விமானத்தில் எங்களுக்குப் பாதுகாப்பாக வெகு உயரத்தில். மிஷனை அமைப்பவர் ஒரே தரப்பில் எந்த நாட்டு விமானத்தையும் வைக்கலாம் என்பதால் ரஷ்ய வடிவமைப்பும் அமெரிக்க வடிவமைப்பும் தோளோடு தோள் பறந்தன. என் கருவிகள் மீட்டரில் பேசும், அவருடையவை அடியில் பேசும். பின்லாந்துப் பெண் எனக்கு 4,000 மீட்டர் என்றும் அவருக்கு 30,000 அடி என்றும் தடுமாறாமல் மாற்றி மாற்றிச் சொன்னார்.

காகசஸை நேராகத் தாண்டிப் போக இந்த விமானத்தால் முடியாது. ஆயுதச் சுமையோடு சுகோய்-25 ஏறக்கூடிய உயரம் 5,000 மீட்டர் அளவோடு நின்றுவிடும். மலைத்தொடரின் தலையான எல்ப்ருஸோ 5,642 மீட்டர்; ஐரோப்பாவின் உச்சியும் அதுவே. ஆகவே ஆற்றைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். குட்டாய்சியிலிருந்து ரியோனியின் எதிர்த்திசையில் வடக்கே ஏறி, அம்ப்ரோலௌரி அருகே கிழக்கே திரும்பி, ஓனி ஊரைக் கடந்தால் பள்ளத்தாக்கு குறுகத் தொடங்கும். 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யர்கள் போட்ட ஒசேத்திய ராணுவச் சாலையும் இதே வழியில் வந்து, மாமிசோன் கணவாயில் மலையைக் கடந்து, மறுபுறம் அலகீரில் இறங்குகிறது. பழங்காலத்தில் காலாட்படையும் வண்டியும் தேடிய வழியையே நவீன விமானமும் தேட வேண்டியிருப்பதை அன்று கண்ணால் கண்டேன்.

இந்த ஆறு சாதாரண ஆறு அல்ல. கிரேக்கர்கள் இதை ஃபாசிஸ் என்றார்கள். பொன் ஆட்டுத்தோலைத் தேடி ஆர்கோ கப்பலில் வந்த ஜேசன் நுழைந்த ஆறு இதுவே என்பது மரபு. அவன் தேடி வந்த கொல்கிஸ் நாடு இந்தச் சமவெளிதான். தீயைத் திருடி மனிதனுக்குக் கொடுத்த புரோமித்தியஸைச் சங்கிலியால் பிணைத்ததும் இந்த மலையில்தான் என்று புராணம் சொல்கிறது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர்கள் எழும்ப, இறக்கை நுனிக்கு அருகே பைன் மரங்கள் பின்னோக்கி ஓட, ஆற்றின் மேல் பறந்துகொண்டிருந்தேன். கிரேக்கர்கள் ஏன் இதை உலகத்தின் எல்லை என்று எண்ணினார்கள் என்று புத்தகம் சொல்லாததை அந்தப் பள்ளத்தாக்கு சொன்னது. ஒவ்வொரு வளைவிலும் இனி வழியே இல்லை என்று தோன்றும்; நெருங்கினால் கடைசி நேரத்தில் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு கதவு திறக்கும்.

கணவாய்க்கு முன் மரங்கள் நின்றுவிட்டன. பிறகு புல், பிறகு வெறும் பாறை, பிறகு பனி. சூரியன் அப்போதுதான் முகடுகளைத் தொட்டது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க நீல நிழலில் கிடக்க, மேலே பனி மட்டும் பற்றி எரிவதுபோல் மின்னியது. கிழக்கே 5,000 மீட்டரைத் தாண்டி எழும் காஸ்பெக் சிகரம் தனியாக நின்றது. ரேடியோவில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு போலந்து நண்பர், இதற்காகவே தினமும் வரலாம் என்றார். அப்போதுதான் ஸ்பெயின் நண்பரின் குரல் மேலிருந்து ஒரே ஒரு சொல்லாக வந்தது: "மேக்னம்." ரேடாரை மோப்பம் பிடித்துப் போய்த் தாக்கும் ஏவுகணையை ஏவும்போது விமானிகள் சொல்லும் சொல் அது. யாரை நோக்கி, எங்கே என்று விசாரிக்க நேரமில்லை. கணவாயைத் தாண்டி அர்தோன் ஆற்றின் இடுக்குக்குள் இறங்கிக்கொண்டிருந்தேன்.

அலகீரில் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாற்போல் வடக்கே கண்ணெட்டும் தூரம் சமவெளி. ஷ்க்வால் என்ற தொலைக்காட்சிக் கண்ணை இயக்கினேன். வலப்பக்கத்துச் சிறு திரையில் பச்சை நிறத்தில் சாலை தெரிந்தது, அதன்மேல் ஊரும் புள்ளிகள். 23 மடங்கு பெருக்கினால் புள்ளி வண்டியாகும். முதல் டாங்கியின் மேல் சட்டகத்தைப் பொருத்தி லேசரைப் போட்டேன். தூரம் 10 கிலோமீட்டர், 9, 8. ஏவலாம் என்ற குறி எழுந்தது. விசையை அழுத்தினேன்.

விக்ர் ஏவுகணை லேசர் கதிரைப் பிடித்துக்கொண்டே போவது. அது போய்ச் சேரும்வரை விமானத்தைத் திருப்பக் கூடாது, கண்ணை எடுக்கக் கூடாது. 8 கிலோமீட்டருக்குச் சுமார் 20 விநாடிகள். சாதாரண நேரத்தில் 20 விநாடி என்பது ஒன்றுமில்லை. எதிரிச் சமவெளிக்கு மேலே, நேர்கோட்டில், எல்லாருக்கும் தெரியும்படி பறக்கும்போது அது பெருநேரம். நடுவழியில் பெர்யோசா என்ற எச்சரிக்கைக் கருவி கீச்சிட்டது. வலப்புறத்து விளக்கு எரிந்தது. எங்கிருந்தோ ஒரு ரேடார் என்னைப் பிடித்துவிட்டது. கீச்சொலி இடைவிடாத ஓசையாக மாறியது. ஏவுகணை இன்னும் போய்ச் சேரவில்லை. கையை இறுக்கிப் பிடித்தேன். திடீரென்று ஓசை நின்றது. அடுத்த கணம் பச்சைத் திரையில் வெண்மையாக ஒரு வெடிப்பு. இடப்புறம் சட்டென்று திரும்பி மலையின் மறைவுக்குள் ஓடினேன். ஏதோ ஒரு குன்று இடையில் வந்து என்னை மறைத்திருக்க வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

மீதி ஏவுகணைகளும் தீர்ந்து திரும்பும்போது சுமை இல்லை. 6,000 மீட்டருக்கு ஏறினோம். போகும்போது அண்ணாந்து பார்த்த முகடுகள் காலடியில் விரிந்தன. வடமேற்கே மங்கலாக எல்ப்ருஸ் தன் இரட்டை உச்சிகளோடு தெரிந்தது. குட்டாய்சியில் இறங்கி, வால்பகுதியிலிருந்து இரட்டைப் பாராசூட் விரிந்து வேகத்தை இழுத்துப் பிடித்ததும் அந்தப் பயணம் முடிந்தது என்றுதான் பிறர் சொல்வார்கள். என்னைக் கேட்டால் பாதிதான் முடிந்தது.

மீதிப் பாதி பதிவில் இருக்கிறது. இந்த சிமுலேட்டர் ஒவ்வொரு ஆன்லைன் மிஷனையும் டிராக் என்ற கோப்பாகத் தானே சேமித்துவைக்கிறது. அது வீடியோ இல்லை. யார் எப்போது எந்த விசையை அசைத்தார், எந்த விமானம் எங்கே இருந்தது என்ற குறிப்புகள் மட்டுமே அதில் இருக்கும். மறுபடி ஓட்டும்போது சிமுலேட்டர் அந்தக் குறிப்புகளைக் கொண்டு முழுப் போரையும் புதிதாக நடத்திக் காட்டுகிறது. அதனால்தான் அதற்குள் நாம் உலவ முடிகிறது. எஃப்2 விசையை அழுத்தினால் எந்த விமானத்தையும் வெளியிலிருந்து பார்க்கலாம். எஃப்6 ஏவுகணையோடு பறக்கவைக்கும். எஃப்7 தரையிலுள்ள வண்டிகளிடம் கொண்டுபோகும். கன்ட்ரோலோடு எஃப்11 சேர்ந்தால் கேமரா கட்டறுத்துக்கொண்டு நினைத்த இடத்துக்கெல்லாம் போகும். நேரத்தை வேகப்படுத்தலாம், மெதுவாக்கலாம், நிறுத்தலாம்.

இதற்கு ஒரு பலவீனமும் உண்டு. சிமுலேட்டரின் புதிய பதிப்பு வந்து விமானத்தின் இயற்பியல் சற்று மாறினால், பழைய குறிப்புகள் புதிய விமானத்துக்குப் பொருந்தாமல் போகும். அழகாக இறங்கிய விமானம் மறு ஓட்டத்தில் மலையில் போய் மோதும். ஆகவே தெரிந்தவர்கள் மூன்று விதமாகப் பதிவு வைத்துக்கொள்வார்கள். டிராக் ஒன்று. ஓபிஎஸ் போன்ற மென்பொருளால் எடுத்த வீடியோ இன்னொன்று. அது கெடாது, ஆனால் எடுத்த கோணம் எடுத்ததுதான். மூன்றாவது டேக்வியூ. எல்லா விமானங்கள், ஏவுகணைகள், வண்டிகளின் இடத்தையும் நேரத்தையும் தனிக் கோப்பில் எழுதிவைத்து, முப்பரிமாண வரைபடத்தில் ரிப்பன்போல் இழுத்துக் காட்டும் மென்பொருள் அது. சிமுலேட்டரின் பதிப்பு மாறினாலும் அதற்குக் கவலையில்லை. அழகுக்கு டிராக், நினைவுக்கு வீடியோ, உண்மைக்கு டேக்வியூ.

உண்மை என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நம் ஊரிலிருந்து ஐரோப்பிய சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு ஆகும். மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும் விமானம் அதற்குள் 35 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அது சுகோயின் நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் கூடுதல். என் திரையில் பட்டதாகத் தெரிந்த குண்டு அவர் திரையில் விலகிப் போயிருக்கும். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. சர்வரிலேயே எழுதப்பட்ட கோப்பை நடுவில் வைத்துப் பார்த்தால்தான் வழக்கு தீரும்.

நிஜ விமானப்படைகள் இந்த உண்மைக்காக எவ்வளவோ பாடுபட்டிருக்கின்றன. முதல் உலகப் போரில் பிரிட்டிஷார் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியின் வடிவத்திலேயே ஒரு கேமராவைச் செய்தார்கள். பயிற்சியில் விசையை இழுத்தால் தோட்டாவுக்குப் பதிலாகப் படம் விழும். குறி சரியா என்று கழுவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாம் உலகப் போரில் இறக்கையிலும் மூக்கிலும் 16 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராக்கள் துப்பாக்கியோடு சேர்ந்து ஓடின. வியட்நாம் வான்போர்களில் எதிர்பார்த்த வெற்றி கிடைக்காமல் போனபோது அமெரிக்கக் கடற்படை விசாரணை நடத்தியது. 1969இல் டாப் கன் பள்ளி பிறந்தது. அந்த விசாரணையின் பரிந்துரைகளில் ஒன்று, ஒவ்வொரு விமானத்தின் அசைவையும் கருவிகளால் பதிந்து பின்னர் திரையில் போட்டுக்காட்டும் பயிற்சி வான்வெளி. 1970களில் அரிசோனா மாநிலத்து யூமாவில் அது அமைந்தது. அதுவரை விமானிகள் கைகளை விமானமாக்கி ஆட்டி, யார் யாரை வீழ்த்தினார் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். கோடிக்கணக்கில் செலவழித்து அவர்கள் பெற்ற வசதி இன்று வீட்டு மேசைக்கு வந்துவிட்டது.

அடுத்த நாள் மாலை டேக்வியூ கோப்பைத் திறந்தேன். காகசஸ் தொடர் சாம்பல் நிறத்தில் விரிந்தது. என் சுகோய் பள்ளத்தாக்குக்குள் நெளியும் ஒரு நீலக் கோடு. அலகீருக்குக் கிழக்கே ஒரு தோட்ட வரிசையின் ஓரம் ஓசா என்ற விமான எதிர்ப்பு வண்டி நின்றிருந்தது. நான் இன்னும் கணவாயின் நிழலில் இருக்கும்போதே அது தன் ரேடாரை இயக்கித் தேடத் தொடங்கியிருக்கிறது. எனக்கு அது கேட்கவில்லை, மலை மறைத்திருந்தது. 30,000 அடியிலிருந்த ஹார்னெட்டுக்குக் கேட்டுவிட்டது. காஸ்பெக் சிகரத்தை நாங்கள் வியந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் அவர் ஏவியிருக்கிறார். நான் சமவெளியில் நேர்கோட்டில் பறந்த 20 விநாடிகளின் நடுவில் ஓசா என்னைத் தன் ரேடாரில் பிடித்து, ஒரு ஏவுகணையையும் செலுத்தியிருக்கிறது. அது எழும்பிய சற்று நேரத்தில் ஹார்னெட்டின் ஏவுகணை மேலிருந்து செங்குத்தாக வந்து ஓசாவின் ரேடாரைத் தாக்கியது. ஓசா செலுத்தியதோ தரையிலிருந்து ரேடியோ கட்டளையால் வழிநடத்தப்படும் ஏவுகணை. வழிகாட்டியை இழந்ததும் என்னை விட்டு விலகி, வெற்றுவெளியில் போய் வெடித்தது. எச்சரிக்கை ஓசை நின்றது அப்போதுதான். குன்று எதுவும் இடையில் வரவில்லை. ஒரு மனிதர் வந்திருந்தார்.

அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த முறை கூடியபோது நன்றி சொன்னேன். அதற்காகத்தானே மேலே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு எரிபொருள் கணக்குக்குப் போய்விட்டார்.

டிராக்கையும் ஓட்டினேன். இந்த முறை எஃப்7ஐ அழுத்தி அந்தக் கவசவண்டி வரிசையில் போய் நின்றேன். காலை வெயில், சாலையோர மரங்கள், சக்கரங்கள் கிளப்பும் புழுதி. தெற்கே மலைச்சுவர். அந்தப் பக்கம் 8 கிலோமீட்டர் தொலைவில் என் விமானம் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தட்டுப்படவே இல்லை. வானம் வெறிச்சோடிக் கிடந்தது. பிறகு சுருள் சுருளாக ஒரு புகைக்கோடு பெரிதாகிக்கொண்டே வந்தது. காக்பிட்டின் பச்சைத் திரையில் அது ஒரு வெளிச்சப் பொட்டு. சாலையில் நின்று பார்த்தால் அது வேறு.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் யோசித்தேன். இந்த நிலப்பரப்பின் பெயர்கள் எல்லாம் நிஜப் பெயர்கள். பெஸ்லான் பள்ளியில் 2004 செப்டம்பரில் பணயக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டவர்களில் 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். 2008 ஆகஸ்டில் ரஷ்யாவும் ஜார்ஜியாவும் மோதிக்கொண்டபோது செனாக்கி விமானதளம் தாக்கப்பட்டது. இரண்டு தரப்புமே சுகோய்-25 விமானங்களைப் பறக்கவிட்டன. அந்த விமானத்தை உருவாக்கிக் கொடுத்த திபிலீசி தொழிற்சாலையின் ஓடுதளத்தின் மேலேயே குண்டு விழுந்தது. சிமுலேட்டரின் ஊர்களில் வீடுகள் உண்டு, மனிதர்கள் இல்லை. நிஜ ஊர்களில் இருக்கிறார்கள். இதை மறந்துவிட்டுப் பறப்பவன் அந்த நாட்டைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பறந்து வந்த பிறகு அந்த மண்ணைப் பற்றித் தேடித் தேடிப் படிப்பது அதனாலேயே எனக்கு வழக்கமாகிவிட்டது. குட்டாய்சி அருகே 1106இல் மன்னர் தாவீது எழுப்பிய கெலாட்டி மடாலயம், அம்ப்ரோலௌரி பக்கத்துத் திராட்சைத் தோட்டங்கள், மேல் ஸ்வானெட்டியில் ஒவ்வொரு குடும்பமும் தற்காப்புக்காகக் கட்டிக்கொண்ட கல் கோபுரங்கள். ஓர் ஆற்று வளைவை மேலிருந்து அறிந்தவனுக்கு அதன் கரையில் வாழ்பவர்களின் கதையைக் கேட்கும் ஆசை தானாக வரும்.

பதிவு செய்வதையே தொழில்போல் எடுத்துக்கொண்டவர்களும் எங்கள் கூட்டத்தில் உண்டு. ஒரே டிராக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒருமுறை காக்பிட்டிலிருந்து, ஒருமுறை ஆற்றங்கரையிலிருந்து, ஒருமுறை ஏவுகணையின் முதுகிலிருந்து படமெடுத்து, ரேடியோவில் பேசிய நிஜக் குரல்களைச் சேர்த்து வெட்டி ஒட்டுவார்கள். ஒழுங்காகச் செய்தால் அது நல்ல ஆவணப்படம். அவர்களிடம் கற்ற சில பழக்கங்களை இங்கே சொல்கிறேன். கேமராவை எல்லா நேரமும் விமானத்தோடு ஓடவிடாதீர்கள். ஓர் இடத்தில் நிறுத்தி, விமானம் வந்து கடந்து போகவிடுங்கள், மலையின் அளவு அப்போதுதான் தெரியும். மெதுவாக்குவதை ஓரிரு இடங்களோடு நிறுத்துங்கள். வெடிப்பைவிட அதற்கு முந்தைய அமைதியை நீளமாக வையுங்கள். ரேடியோக் குரலை வெட்டாதீர்கள். அதில்தான் மனிதர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பயணத்துக்கு விசா வேண்டாம், பயணச்சீட்டு வேண்டாம். டிசிஎஸ் வேர்ல்டும் காகசஸ் நிலப்பரப்பும் நான் சொன்ன அதே சுகோய்-25டியும் இலவசமாகக் கிடைக்கின்றன. கூடவே டிஎஃப்-51டி என்ற பழைய முஸ்டாங் பயிற்சி விமானமும். ஓரளவு வலுவான கணினியும் எளிய ஜாய்ஸ்டிக்கும் இருந்தால் போதும். முதல் சில வாரங்கள் கீழே விழத்தான் செய்வீர்கள். எல்லாரும் விழுந்துதான் எழுந்தோம். ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு மிஷனின் பதிவையும் பத்திரப்படுத்துங்கள். மறுநாள் நிதானமாக உட்கார்ந்து பாருங்கள். அப்போது உங்கள் விமானத்தில் உட்காராதீர்கள். உங்களைக் காத்தவரின் இருக்கையில் ஒருமுறை, நீங்கள் தாக்கியவர்களின் சாலையில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அந்த நாட்டுக்குப் போய்வந்தேன் என்று அதற்குப் பிறகு சொல்லலாம்.